கடற்பாசிக் கூழும் மனித உடலும்: ஹைட்ரோஜெல் ஆய்வின் இன்றைய நிலை

கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கூழ் உடலைக் குணப்படுத்துகிறதா, அல்லது உடல் தானாகக் குணமடைய இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறதா? ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு அது நோயாளியின் வயிற்றுக்கு இதமான உணவு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது புண்ணை மூடும் துணியாயிற்று. 1980க்குப் பின், உயிருள்ள கலங்களைச் சுமக்கும் உறை, பழுதான இதயத்தைத் தாங்கும் முட்டு, இழையங்களை அச்சிடும் மை என்று அதன் மீது வைக்கப்பட்ட எதிர்பார்ப்பு வளர்ந்துகொண்டே வந்தது. எதிர்பார்ப்பின் அளவுக்குச் சான்றுகளும் வளர்ந்தனவா என்பது இன்னும் முழுமையாகத் தீராத விடயம்.

கூழ் உருவாகும் விதம்

ஹைட்ரோஜெல் என்பது நீரில் கரைந்துவிடாமல், தன் உலர் எடையைவிடப் பல மடங்கு நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பல்பகுதிய வலை. இது கடலுக்கு மட்டுமே உரிய பொருள் அன்று. 1960இல் பிராக் நகரில் ஒட்டோ விச்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும் அறிவித்த செயற்கை ஹைட்ரோஜெல்லே மென்மையான கண்வில்லைகளுக்கு அடித்தளமிட்டது. கடற்பாசிகள் தரும் கூழ்ப்பொருட்களில் மருத்துவம் நன்கறிந்தவை மூன்று. சிவப்புப் பாசிகளிலிருந்து அகாரும் கராஜீனனும், பழுப்புப் பாசிகளிலிருந்து அல்ஜினேட்டும் கிடைக்கின்றன. பச்சைப் பாசியான உல்வாவிலிருந்து எடுக்கப்படும் உல்வான் இன்னும் ஆய்வுகூட நிலையிலேயே இருக்கிறது.

அகாரைத் தமிழ் வீடுகள் ஏற்கெனவே அறியும். நோன்புக் காலத்தில் சைனா கிராஸ் என்று வாங்கிக் காய்ச்சப்படுவது அதுதான். கொதிநீரில் கரைந்து, ஏறத்தாழ 35 முதல் 40 பாகை செல்சியசில் உறையும். உறைந்த பின் மீண்டும் உருக 85 பாகையளவு வெப்பம் வேண்டும். உடல் வெப்பத்தில் அது உருகாது என்பதே மருத்துவ ஆய்வுகூடங்களில் அதற்கு நிரந்தர இடம் பெற்றுத் தந்தது.

அல்ஜினேட்டின் கதை வேறு. பிரித்தானிய வேதியியலாளர் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் 1881இல் அதைப் பிரித்தெடுத்தார். அது மானுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம் என்னும் இரு வகை அலகுகளாலான நீண்ட சங்கிலி. இரண்டாவது அலகு அதில் உண்டு என்பது 1955 வரை தெரியவில்லை. இவ்விரு அலகுகளும் ஒழுங்கின்றிக் கலந்திருக்காமல் தொகுதி தொகுதியாக அமைந்திருப்பதை நோர்வேயின் டிரொண்ட்ஹைமில் ஹவுக், ஸ்மிட்ஸ்ரோட், லார்சன் ஆகியோர் 1960களில் காட்டினர். கல்சியம் அயன்கள் வந்து சேர்ந்ததும் குலுரோனிக் தொகுதிகள் இணைந்து பூட்டிக்கொள்கின்றன. 1973இல் முன்வைக்கப்பட்ட ‘முட்டைப் பெட்டி’ மாதிரி இப்பூட்டை விளக்குகிறது: மடிந்த இரு சங்கிலிகளுக்கு இடையிலுள்ள குழிகளில் கல்சியம் அயன்கள் முட்டைகளாக அமர்கின்றன. கித்துல் மாவைக் கூழாக்க அடுப்பும் கொதியும் தேவை. அல்ஜினேட் அறை வெப்பத்தில், சில நொடிகளில், நஞ்சற்ற ஓர் உப்பாலேயே உறைந்துவிடும். உயிருள்ள கலங்களை உள்ளே வைத்து உறையச் செய்யலாம் என்ற எண்ணம் பின்னாளில் பிறந்தது இந்தப் பண்பிலிருந்துதான்.

இலங்கைப் பாசியின் பழைய வழக்கு

இலங்கையின் வடமேற்கு, வடக்குக் களப்புகளில் வளரும் கிராசிலேரியா இனப் பாசி 19ஆம் நூற்றாண்டின் மருந்துச் சந்தையில் ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் பெயராலும் அது அழைக்கப்பட்டது. கல்கத்தாவில் பணியாற்றிய வைத்தியர் வில்லியம் ஓஷானசி அதன் கூழை இருமல், வயிற்றோட்டம், நோய்க்குப் பின்னான பலவீனம் போன்றவற்றுக்கு ஏற்ற உணவாக ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அக்கால மருத்துவ நூல்கள் இதைத் தணிக்கும் பொருள் என்றே வகைப்படுத்தின. நோயின் காரணத்தை அது தாக்கும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அந்தப் பழைய அடக்கம் பின்வந்த பல விளம்பரங்களைவிடச் சான்றுகளுக்கு நெருக்கமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு திசை மாறியது. 1881-82இல் பெர்லினில் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் ஜெலட்டின் தட்டுகள் கோடை வெப்பத்தில் உருகித் தொல்லை தந்தபோது, உதவியாளர் வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே அகாரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய குடும்ப நண்பர்களிடமிருந்து அவர் கற்ற சமையல் அறிவு அது. இன்றும் உலகெங்கும் வைத்தியசாலைகளில் புண்ணின் சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க அகார்த் தட்டே எடுக்கப்படுகிறது. கடற்பாசிக் கூழ் மருத்துவத்துக்குச் செய்த மிகப் பெரிய உதவி நோயாளியின் உடலுக்கு வெளியே நிகழ்ந்தது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை மறுப்பது எளிதன்று.

இரண்டாம் உலகப் போரில் யப்பானிய அகார் நின்றுபோனதும் இந்தியாவும் இலங்கையும் தம் கரைகளைத் திரும்பிப் பார்த்தன. பல் வைத்தியத்தில் அச்செடுக்கப் பயன்பட்ட அகாருக்கு மாற்றாக அல்ஜினேட் பரவியதும் அப்போதுதான். 1961இல் இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலையம் எம். துரைரட்ணத்தின் இலங்கைக் கடற்பாசிகள் பற்றிய ஆய்வை வெளியிட்டது. நாட்டின் பாசி வளத்தை அறிய இன்றும் புரட்டப்படும் அடிப்படை நூல் அது. இந்தியாவின் பாவ்நகரில் 1954இல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள மண்டபத்தில் தன் பாசி ஆய்வு நிலையத்தை அமைத்தது.

புண்ணும் ஈரமும்

புண்ணைக் காயவிட வேண்டும், பொருக்கு கட்டினால் ஆறிவிடும் என்பது நெடுங்கால நம்பிக்கை. 1962இல் ஜோர்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த சோதனை அதை அசைத்தது. பொலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைக்கப்பட்ட புண்களில், திறந்து விடப்பட்ட புண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்தது. தோற்கலங்கள் பொருக்கின் அடியில் வழி தேடி அலையாமல், ஈரமான தளத்தின் மேல் நேராக நகர முடிந்ததே காரணம். கல்சியம் அல்ஜினேட் இழைகளை 1940களிலேயே பிரித்தானியாவில் அறுவை மருத்துவத்தில் சோதித்திருந்தார்கள். ஆனால் வின்டரின் கருத்து வேரூன்றிய பிறகே, 1980களில், அல்ஜினேட் மருந்துக்கட்டுகள் வணிகமாகப் பரவின.

அவற்றின் செயல் தெளிவானது. உலர்ந்த இழைகள் புண்ணிலிருந்து வடியும் நீரை உறிஞ்சும்போது, இழையிலுள்ள கல்சியம் புண்நீரிலுள்ள சோடியத்துடன் இடம் மாறுகிறது. இழை மெல்லக் கூழாகிப் புண்ணின் வடிவத்துக்கேற்ப அமர்கிறது. வெளியேறும் கல்சியம் குருதி உறைவதற்குத் துணை செய்கிறது. கட்டைப் பிரிக்கும்போது புதுத்தோல் பிய்ந்து வருவதில்லை. கோஸ் துணியைப் பிய்த்தெடுக்கும் வலியை அறிந்த நோயாளிக்கு இது ஒன்றே பெரிய ஆறுதல்.

இங்கிருந்து கருத்துகள் பிரிகின்றன. அல்ஜினேட் வெறும் போர்வை அன்று, புண்ணிலுள்ள பெருவிழுங்கிக் கலங்களைத் தூண்டி ஆறும் வினையைத் தொடங்கிவைக்கிறது என்பது ஒரு தரப்பு. ஆய்வுகூடக் குடுவையில் இத்தூண்டல் காணப்பட்டிருக்கிறது. மறுதரப்பு நோயாளிகளிடம் பெற்ற முடிவுகளைக் கேட்கிறது. நீரிழிவுக் கால் புண்களுக்கும் நாளக் கால் புண்களுக்கும் அல்ஜினேட் கட்டுகளைப் பயன்படுத்திய சோதனைகளை கொக்ரேன் அமைப்பின் மீளாய்வுகள் தொகுத்துப் பார்த்தன. பிற கட்டுகளைவிட அல்ஜினேட் விரைவாக ஆற்றுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நீரிழிவுக் கால் புண்ணில், ஹைட்ரோஜெல் கட்டுகள் சாதாரணக் கட்டைவிடச் சற்று மேலானவை என்பதற்கு ஓரளவு சான்று தெரிந்தது. ஆயினும் அச்சோதனைகளின் தரம் ஐயத்துக்குரியது என மீளாய்வாளர்களே எச்சரித்தனர்.

இம்முடிவைத் தோல்வி என்று படிப்பது அவசரம். சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை. பல சோதனைகள் ஒரு நவீனக் கட்டை இன்னொரு நவீனக் கட்டோடு ஒப்பிட்டன. வலி, கட்டு மாற்றும் தடவைகள், வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவு ஆகியவை பெரும்பாலும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டன. நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: நீர் வடியும் புண்ணுக்கு அல்ஜினேட் பொருத்தமானது, உலர்ந்த புண்ணுக்கு அன்று. அது புண்ணைத் தானாக ஆற்றும் என்ற கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை.

இரைப்பையிலோ இதே பொருள் தன் பயனை ஓரளவு தெளிவாகக் காட்டியிருக்கிறது. நெஞ்செரிவுக்குக் குடிக்கப்படும் அல்ஜினேட் கலவை இரைப்பை அமிலத்தைச் சந்தித்ததும் கூழாகிறது. உடனுள்ள பைகார்பனேட் வெளியிடும் வாயு அக்கூழை மிதக்கச் செய்கிறது. மிதக்கும் அப்படலம் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறாமல் தடுக்கிறது. வெற்று மருந்தையும் சாதாரண அமில நீக்கிகளையும்விட இது அறிகுறிகளை நன்றாகக் குறைக்கிறது என்று தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. சில மணி நேரம் மிதந்து, பின் உடலை விட்டு நீங்குவதே அதனிடம் கேட்கப்பட்ட வேலை.

உடலுக்குள் நெடுநாள் தங்கும்போது

1980இல் பிராங்க்ளின் லிம், அந்தனி சன் இருவரும் சதையியின் இன்சுலின் சுரக்கும் கலத்தீவுகளை அல்ஜினேட் உறையில் பொதிந்து நீரிழிவுள்ள எலிகளில் வைத்தனர். இரண்டு மூன்று வாரங்கள் குருதிச் சீனி இயல்பாக இருந்தது. குளுக்கோசும் இன்சுலினும் கடந்து செல்லும் அளவுக்கு உறையின் துளைகள் பெரியவை, நோயெதிர்ப்புக் கலங்கள் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தின்றி வேறொருவரின் கலங்களைப் பெறலாம் என்ற நம்பிக்கை இதில் பிறந்தது.

மனிதரிடம் அந்த நம்பிக்கை மெல்லவே நகர்ந்தது. 1994இல் பற்றிக் சூன்-சியோங் குழு ஒரு நோயாளி இன்சுலின் ஊசியின்றி வாழ்ந்ததாக அறிவித்தது. ஆனால் அவர் முன்னரே சிறுநீரகம் மாற்றப்பட்டு, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். உறை மட்டும் காத்ததா என்று அதிலிருந்து சொல்ல இயலாது. அவுஸ்திரேலியாவில் ‘கடற்பாசி நீரிழிவுச் சோதனை’ என்றே பெயரிட்டு நால்வரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. 16 மாதங்களுக்குப் பின் ஒருவரின் வயிற்றறையில் உறைகள் உடையாமல் கிடந்தன. அவற்றைச் சுற்றி நார் இழையம் மூடியிருந்தது, உள்ளே கலங்கள் மடிந்திருந்தன. உறை கெடவில்லை, ஆனால் உடல் அதை ஏற்கவுமில்லை.

ஏன் ஏற்கவில்லை என்பதில் கூர்மையான கருத்து மோதல் நடந்தது. நோர்வே ஆய்வாளர்கள் 1991இல் மானுரோனிக் அலகுகள் மிகுந்த அல்ஜினேட் நோயெதிர்ப்புக் கலங்களைக் கிளறிவிடுகிறது என்று காட்டினர். ஆகவே குலுரோனிக் மிகுந்த வகையே உடலுக்கு ஏற்றது என்றனர். ஜேர்மன் ஆய்வாளர்களோ குற்றம் அல்ஜினேட்டில் இல்லை, அதனுடன் ஒட்டி வரும் புரதம், பொலிபீனோல், பக்டீரிய நஞ்சு ஆகியவற்றில் இருக்கிறது என்றனர். நன்கு தூய்மையாக்கினால் மானுரோனிக் மிகுந்த வகையும் உடலுக்கு ஒவ்வும் என 1997இல் சோதனை மூலம் காட்டினர். இரு தரப்பும் ஒரே பெயருள்ள, ஆனால் வெவ்வேறு தூய்மையுடைய பொருட்களைப் பேசிக்கொண்டிருந்திருக்கலாம் என்பதே இன்று பலரும் சாயும் பக்கம். மருத்துவ அல்ஜினேட்டுக்கெனத் தர வழிகாட்டி உருவானதற்கு இந்த விவாதமும் ஒரு காரணம். முந்திய பல ஆய்வுகளின் முடிவுகளை இன்று ஒப்பிட முடியாமல் போனது அதன் விலை.

தூய்மை மட்டுமே போதாது என்பது மூன்றாம் நிலைப்பாடு. கூழின் மேற்பரப்பின் வேதியியலையே மாற்ற வேண்டும் என்கிறது அது. 2016இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனக் குழு டிரையசோல் சேர்த்த அல்ஜினேட்டில் மனித மூலக்கலங்களிலிருந்து உருவாக்கிய இன்சுலின் கலங்களைப் பொதிந்து, எலிகளின் குருதிச் சீனியை 174 நாட்கள் கட்டுக்குள் வைத்தது. வெற்று உறைகளாக வைத்தபோது குரங்குகளிலும் நார் மூடல் ஆறு மாதங்களுக்கு மிகக் குறைவாக இருந்தது. மனிதரில் இது எந்தளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி.

இன்னொரு தடை மனித உடலின் இயல்பிலேயே இருக்கிறது. அல்ஜினேட்டை வெட்டும் நொதியம் மனிதரிடம் இல்லை. கல்சியம் மெல்ல நீங்கும்போது கூழ் தளர்கிறதே தவிர, நீண்ட சங்கிலிகள் உடைவதில்லை. பெரிய சங்கிலிகள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறவும் முடியாது. கலங்களும் அதில் ஒட்டுவதில்லை. சங்கிலிகளைப் பகுதியளவில் ஒட்சியேற்றி உடையச் செய்வது, கலங்கள் பற்றிக்கொள்ளச் சிறு புரதத் துண்டுகளை இணைப்பது என்னும் இரு வழிகளை ஆய்வாளர் டேவிட் மூனியின் குழு 1990களின் இறுதியிலிருந்து வளர்த்தது. இப்படி மாற்றிய பின் அது கடலின் பொருளா, தொழிற்சாலையின் பொருளா என்ற வினா ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கும் வருகிறது: ஒவ்வொரு மாற்றமும் புதுப் பொருளாகவே மீண்டும் பாதுகாப்புச் சோதனை கேட்கிறது.

இதயத்தில் கிடைத்த பாடம் கடுமையானது. மாரடைப்புக்குப் பின் இதயச் சுவர் மெலிந்து விரிவதை அல்ஜினேட் கூழ் தாங்கிப் பிடிக்கும் என்று விலங்குச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. முடியுரு நாடியின் வழியே கூழைச் செலுத்தி 303 நோயாளிகளில் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதத்தில் இதய அறையின் விரிவு குறையவில்லை. இதயச் சுவரில் நேரடியாகக் கூழ் ஊசியேற்றிய 78 பேரின் மற்றொரு சோதனையில் உடலுழைப்புத் திறன் கூடியது. ஆனால் அதற்கு மார்பைத் திறக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் அல்ஜினேட் சார்ந்த இதய இழையத் தாங்கிகள் ஆராயப்பட்டுள்ளன.

கராஜீனனின் இரு முகம்

அயோட்டா கராஜீனன் கலந்த மூக்குத் தெளிப்பான்கள் சளிக்காய்ச்சலுக்கு விற்கப்படுகின்றன. வைரசைப் பொறிவைத்துத் தடுக்கும் படலம் என்பது அவற்றின் விளக்கம். அதே கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியேற்றி வீக்கத்தை உண்டாக்குவது 1962 முதல் வீக்கமடக்கும் மருந்துகளைச் சோதிக்கும் வழக்கமான முறை. சளிச்சவ்வின் மேல் தங்குவதும் இழையத்துக்குள் செலுத்தப்படுவதும் வேறு வேறு. உணவில் சேர்ப்பதன் பாதுகாப்பு பற்றிய நீண்ட விவாதத்தில் சிதைந்த கராஜீனனையும் சிதையாததையும் ஒன்றாகப் பேசியதால் குழப்பம் கூடியது. உடலுக்குள் பதிக்கும் ஹைட்ரோஜெல்லாக அதை முன்மொழிவோர் இந்த வீக்கத் தன்மைக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். பல கட்டுரைகள் அதைக் கடந்து போய்விடுகின்றன.

எந்தப் பாசி, யாருடைய கடல்

மருத்துவ அல்ஜினேட்டின் பெரும்பகுதி குளிர்கடல் பாசிகளிலிருந்து வருகிறது. நோர்வேக் கரையின் லமினேரியா ஹைப்பர்போரியாவின் தண்டு குலுரோனிக் அலகு மிகுந்தது. உறுதியான கூழ் தரும். மன்னார் வளைகுடாவில் கிடைப்பவை சர்காசமும் டர்பினேரியாவும். பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள் அவற்றைக் கட்டக்கோரை, பக்கோடா என்பார்கள். வெப்பக் கடலின் இப்பாசிகளில் நிறப்பொருளும் பொலிபீனோலும் கூடுதல். ஆர்சனிக்கையும் அவை சேர்த்து வைக்கக்கூடும். பருவத்துக்குப் பருவம் அலகுகளின் விகிதம் மாறும். ஆகவே அவற்றின் அல்ஜினேட் துணி அச்சு போன்ற தொழில்களுக்கே பெரும்பாலும் போகிறது.

வெப்பக் கடல் பாசி மருத்துவத்துக்கு ஆகாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது சரியன்று. மேலே சொன்ன நோர்வே-ஜேர்மன் விவாதம் காட்டியது போல, பாசியின் இனத்தைவிடத் தூய்மையாக்கலே தீர்மானமான படியாக இருக்கலாம். அந்தப் படிக்கான முதலீடுதான் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் குறைவு.

மூலப்பொருளை யார் எடுக்கிறார்கள் என்பதும் இக்கேள்வியின் பகுதியே. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டதும், தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களின் தொழில் சட்டச் சிக்கலில் விழுந்தது. மாற்றாக வந்த, கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசியின் வளர்ப்பு பல குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. 2008இல் அப்பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்திருப்பது பதிவானது. 2013-14இல் வெப்பத்தாலும் நோயாலும் பயிர் பெருமளவு அழிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கரைகளில் இதே பாசியை வளர்ப்போர் இவ்வனுபவத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடலே தேவையில்லை, பக்டீரியாவைக் கொண்டு அல்ஜினேட் செய்யலாம், நொதியத்தால் அலகு விகிதத்தையும் விரும்பியபடி அமைக்கலாம் என்று சொல்லும் தரப்பும் உண்டு. தரச் சீர்மைக்கு அவ்வழி கவர்ச்சியானது. அது வென்றால் பாசி எடுக்கும் கைகளுக்கு இந்தத் துறையில் இடமிராது.

ஈரமலையில் ஒரு புண்: தீராத கேள்விகள்

அல்ஜினேட் கட்டுகளின் பயனை அளந்த சோதனைகள் பெரும்பாலும் வசதியான நாடுகளின் வைத்தியசாலைகளில் நடந்தவை. களனி கங்கையோரம் கித்துல்கலயைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் நிலைமை வேறு. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் பகுதிகளில் அதுவும் ஒன்று. கவ்வாத்துக் கத்தி, பால்வெட்டும் கத்தி, அட்டைக்கடி, கல்லிடுக்குகளில் நாள் முழுதும் நனையும் கால் ஆகியவற்றோடு நீரிழிவும் சேரும்போது சிறு கீறல் பெரும் புண்ணாகிறது. தோட்ட மருந்தகத்தில் கிடைப்பது கோஸும் கிருமிநீக்கியும். அதற்கு மேற்பட்டதற்குக் கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும்.

இங்கு அல்ஜினேட் கட்டின் மதிப்பு ஆறும் வேகத்தில் இல்லாமல் இருக்கலாம். நாள்தோறும் மாற்ற வேண்டிய கட்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றால், இழக்கும் நாட்கூலி மிஞ்சும். மறுபுறம், ஏற்கெனவே ஊறிப்போன தோலின் மேல் ஈரம் காக்கும் கட்டு சுற்றுத்தோலை நைந்துபோகச் செய்யலாம். நோய்த்தொற்றைக் கவனிக்காமல் மூடிவிட்டால் கேடும் விளையலாம். நீரிழிவுக் காலில் பாரம் படாமல் பாதுகாப்பதும் குருதியோட்டத்தைச் சரிபார்ப்பதும் எந்தக் கட்டையும்விட முந்தியவை. நின்று வேலை செய்தால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த முதல் அறிவுரையே கைக்கெட்டாதது.

2022இன் மருந்துத் தட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுகளை மட்டும் நம்புவதன் ஆபத்தை இலங்கைக்கு உணர்த்தியது. உள்நாட்டுப் பாசியிலிருந்து செய்தால் விலை குறையும் என்று வாதிட இடமுண்டு. அவ்வாதம் நிற்குமா என்பது சில எளிய, இன்னும் செய்யப்பட வேண்டிய வேலைகளைச் சார்ந்தது. மன்னார்க் கரைச் சர்காசத்தின் அலகு விகிதத்தையும் ஆர்சனிக் அளவையும் பருவம் தோறும் அளக்க வேண்டும். அதைக் கட்டுக்குரிய தரத்துக்குத் தூய்மையாக்க ஆகும் செலவை, இறக்குமதி விலையோடு ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் வெளியே வேலை செய்வோரின் கால் புண்களில், ஆறும் நாட்களோடு வலியையும் இழந்த கூலியையும் சேர்த்துக் கணக்கிடும் சோதனை நடக்க வேண்டும். உடலுக்குள் பதிக்கும் உறைகளைப் பொறுத்தவரை முடிவு பெரிய ஆய்வுகூடங்களிலிருந்தே வரும், அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். புண்ணின் மேல் கட்டுவதைப் பற்றிய கேள்விகளுக்கு விடை காண மன்னாரின் கரையும் கரவனெல்லயின் புண் கட்டும் அறையுமே போதும்.